இரு முனைக் கோட்பாடு: முகவரி இல்லாத குழாய்கள் குறித்த ஓர் ஆய்வு

பழைய இன்ஜின் எதைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது தூசி. அடுத்தது, எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு ரப்பர் குழாய். தூசியைத் துடைத்துவிடலாம். கல்வெட்டுக்கும் ஓலைச்சுவடிக்கும் தமிழ் ஆய்வுலகம் காட்டிய அக்கறையில் நூறில் ஒரு பங்குகூட இந்தக் குழாய்க்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுப் பொருள்: வாட்டர் ஸ்கூட்டர் என்கிற ஜெட் ஸ்கை. ஆய்வுக்களம்: கீழ்பென்னாத்தூர். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். இந்த ஊருக்கும் கடலுக்கும் நடுவே செஞ்சியும் திண்டிவனமும் கிடக்கின்றன. முட்டுக்காட்டில் ஓடும் வண்டிக்கு இந்தப் பக்கம் ஜோலியே இல்லை. ஆனால் அந்த வண்டிக்குள் இருப்பது என்ன? ஓர் இன்ஜின், ஒரு பம்ப். அடியில் தண்ணீரை இழுத்துப் பின்பக்கம் பீய்ச்சி, அந்த வேகத்தில் முன்னே பாய்கிறது. கிணற்று மேட்டில் நிற்கும் ஆயில் இன்ஜினும் பம்பும் செய்வது இதே வேலைதான். ஓடிவிடாதபடி அதைப் போல்ட் போட்டு முடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்க மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர் கிளேட்டன் ஜேக்கப்சனின் யோசனை, கவாசாகி கம்பெனி வழியாக 1973-இல் ஜெட் ஸ்கை என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே நம் கிராமங்களில் பம்ப்செட்டைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். 1990-இல் விவசாய மின்சாரம் முழுக்க இலவசமானபின் ஆயில் இன்ஜின்கள் மெல்லக் கொட்டகை மூலைக்குப் போயின. அவற்றோடு குழாய் பற்றிய அறிவும் மூலைக்குப் போய்விட்டதோ என்பது இந்த ஆய்வாளரின் கவலை.

குழாயை அடையாளம் காண்பதில் மூன்று பள்ளிகள் உண்டு. முதலாவது நிறவாதம். கறுப்பு என்றால் பெட்ரோல், வெள்ளை என்றால் தண்ணீர் என்று போகும் இந்த வாதம் கம்பெனியிலிருந்து வந்த புது வண்டிக்கு ஓரளவு சரி. பத்து வருஷம் ஓடிய வண்டியில் பெட்ரோல் லைனுக்கு ஆஸ்பத்திரி டிரிப் டியூப் போட்டிருப்பார்கள். தண்ணீர் லைனுக்குத் தோட்டத்துப் பச்சைக் குழாய். ஒட்டுப் போட்ட இடத்தில் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாகக் கிழித்து இழுத்துச் சுற்றி, மேலே கட்டுக்கம்பி முறுக்கியிருக்கும். இந்த மண்ணில் நிறவாதம் முளைக்காது.

இரண்டாவது தடிமவாதம். தடித்த குழாய் என்றால் உள்ளே அழுத்தம் அதிகம் என்கிறார்கள் இவர்கள். கிணற்று மேட்டில் பார்த்தால் நிலைமை தலைகீழ். வயலுக்குத் தண்ணீர் தள்ளும் டெலிவரி ஹோஸ் துணி மாதிரி மடியும், தண்ணீர் வந்ததும் தானாக உப்பிக்கொள்ளும். ஃபுட் வால்விலிருந்து மேலே வரும் சக்‌ஷன் ஹோஸ்தான் உள்ளே சுருள் வைத்து விறைப்பாக இருக்கும். காரணம் எளிது. உறிஞ்சும்போது உள்ளே காற்றழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று குழாயை நசுக்கப் பார்க்கிறது. அந்த வெளிக்காற்றால் தண்ணீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் ஏற்ற முடியாது. நடைமுறையில் ஏழெட்டு மீட்டர். அதனால்தான் ஆழக் கிணறுகளில் மேடை கட்டி இன்ஜினையே உள்ளே இறக்கினார்கள். ஆக, விறைத்த குழாய் இழுக்கும், குழைந்த குழாய் தள்ளும் என்ற அளவில் தடிமவாதிகளுக்குப் பாதி மார்க் கொடுக்கலாம்.

மூன்றாவது பள்ளியினர் முனைவர்கள். பட்டம் வாங்கிய முனைவர்கள் வேறு. இவர்கள் குழாயின் இரு முனைகளை மட்டும் நம்புகிறவர்கள். நடுவில் குழாய் எந்த நிறத்தில் எப்படி வளைந்து போனால் என்ன, ஒரு முனை எதில் மாட்டியிருக்கிறது, மறுமுனை எதில் என்று தெரிந்தால் வேலை தெரிந்துவிடும். முனை தெரியாதபோது ஒரு பக்கம் சைக்கிள் பம்பால் காற்றடித்து, மறுபக்கம் எங்கே குமிழி வருகிறது என்று பார்ப்பார்கள். வாய் வைத்து உறிஞ்சிப் பார்ப்பது இப்பள்ளியில் விலக்கப்பட்ட முறை. பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் ஆய்வு ஆஸ்பத்திரியில்தான் தொடரும்.

இந்தக் கோட்பாட்டுக்குக் கடினமான சோதனை பல்ஸ் குழாய். பழைய டூ-ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கையில் பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் கிடையாது. பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் கேஸில் காற்றழுத்தம் கூடிக் குறைகிறது. அந்தத் துடிப்பை ஒரு சின்னக் குழாய் பம்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வுக்குக் கொண்டுபோகிறது. சவ்வு துடிக்க, டேங்கிலிருந்து பெட்ரோல் வருகிறது. பட்டறையில் தொழில் பழகும் பையன், “இது எங்கண்ணா போவுது?” என்று கேட்டால் சரியான பதில், “எங்கயும் போவல, உள்ள காத்து ஆடுதுடா” என்பதுதான். இதில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் வண்டி நின்ற இடத்தில் சாதுவாக உறுமும். ஆக்சிலேட்டர் கொடுத்ததும் மூச்சுத் திணறும். டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, பெட்ரோல் லைன் நன்றாக இருக்கிறது, ஆகவே பழி முழுக்கக் கார்புரேட்டர் மேல்.

டேங்க் தலையில் பொதுவாக நாலு குழாய்கள். மெயின், ரிசர்வ், ரிட்டர்ன், காற்றுக் குழாய். மெயின் குழாயின் உள்தண்டு குட்டை, ரிசர்வின் தண்டு அடிவரை போகும். இரண்டையும் மாற்றி மாட்டியவருக்கு ஏரி நடுவே ரிசர்வுக்குத் திருப்பும்போதுதான் அது தெரியவரும். காற்றுக் குழாயில் ஒரு வழி வால்வு உண்டு. வெளிக்காற்றை உள்ளே விடும். வண்டி கவிழ்ந்தாலும் பெட்ரோலை வெளியே விடாது. அதைத் திருப்பி மாட்டினால் கொஞ்ச தூரம் ஓடி நிற்கும், மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்றை இழுத்துக்கொண்டு மறுபடி ஓடும். மூடி ஓட்டை அடைத்த டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இன்ஜினைக் குளிரவைக்கும் குழாயில் பம்ப்செட் உறவு பச்சையாகத் தெரியும். டெலிவரி பக்கத்திலிருந்து ஒரு கிளை பிரிந்து இன்ஜினைச் சுற்றி, சூடாகி வெளியே விழுகிறது. கிணற்று மேட்டில் மார்கழிக் காலையில் அந்த வெந்நீருக்குக் குளிக்க ஆள் நிற்கும். ஜெட் ஸ்கையில் அது பக்கவாட்டில் சன்னமாகப் பீய்ச்சும். அந்தப் பீய்ச்சல் நின்றால் இன்ஜினை உடனே நிறுத்த வேண்டும். கரையில் வைத்து உப்பை அலசும்போதும் ஒரு முறை உண்டு. முதலில் இன்ஜின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு இன்ஜின். மாற்றிச் செய்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆய்வின் மிகச் சுவையான மாதிரி, படகின் அடிவயிற்றில் தேங்கும் நீரை இறைக்கும் மெல்லிய குழாய். இதற்கு மோட்டார் இல்லை. மறுமுனை பின்பக்க நாசிலில், தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் இருக்கிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்று இத்தாலிய அறிஞர் வெஞ்சூரி 1797-இல் வெளியிட்ட ஆய்வின் பலன் அது. குழாய் மேலே வளையும் இடத்தில் குண்டூசி போகுமளவு ஓர் ஓட்டை இருக்கும். ஓட்டையைக் கண்டால் எம்-சீல் தேடும் கை நம்முடையது. ஆனால் வண்டி நின்றபின் தண்ணீர் அதே வழியாக உள்ளே திரும்பாதபடி காற்று விட்டுத் தடுப்பது அந்த ஓட்டைதான். அடைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர் திரும்பி வரும்போது படகு பாதி மூழ்கியிருக்கலாம்.

கோட்பாட்டுக்கு இப்போது புதுச் சிக்கல் ஒன்று முளைத்திருக்கிறது. 1990-களில் வந்த சில ஜெட் ஸ்கைகளின் சாம்பல் நிறப் பெட்ரோல் குழாய்கள் நாளடைவில் உள்ளுக்குள்ளேயே கரைந்து, பச்சைக் குழம்பாகிக் கார்புரேட்டர் வலையை அடைத்தன. இந்தியாவில் 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின், பழைய ரப்பர் குழாய் உள்ள எந்த வண்டிக்காரரும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. கடையில் கேட்க வேண்டியது எத்தனாலுக்குத் தாங்குமா என்று. அளவுக்குப் பழைய குழாயில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் போனால் போதும். ஆனால் நடுவிலிருந்து வெட்ட வேண்டும். முனைகள் நிப்பிளில் மாட்டி மாட்டி விரிந்துபோயிருக்கும், அளவு தப்பாகக் காட்டும். முனைவர்கள் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.