சோதனைச்சாலைப் பக்கம் போகாமலே பிஎச்.டி.யை மேம்படுத்துவது எப்படி?

வேதியியல் துறைக்குப் புதிய தலைவராகப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள். துணைவேந்தர் கூப்பிட்டு, "முனைவர் பட்ட ஆய்வின் தரத்தை உயர்த்துங்கள்" என்று சொல்லியிருப்பார். கலங்க வேண்டாம். முதலில் ஒரு குழு போடுங்கள். அதில் ஆய்வு மாணவர் யாரும் இருந்துவிடக் கூடாது. ஃப்யூம் ஹூடின் விசிறி ஓடவில்லை என்பது போன்ற சில்லறை விஷயங்களைக் கிளப்பிவிடுவார்கள்.

அடுத்தது எண்ணிக்கை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிமுறைப்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கு வழிகாட்டலாம். இணைப் பேராசிரியர் 6 பேருக்கு, உதவிப் பேராசிரியர் 4 பேருக்கு. இது உச்சவரம்பு என்று சிலர் வாதாடுவார்கள். நீங்கள் இலக்காகவே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேருக்கு ஒரு ரோட்டாவேப் தாராளம். கரைப்பானை வற்றவைக்க வரிசையில் நிற்கும்போதுதான் ஜூனியர் சீனியரிடம் வேதியியல் கற்கிறார். கைடுக்கும் ஒரு வேலை மிச்சம்.

இனி, மூலக்கூறின் அமைப்பை அறிய உதவும் என்.எம்.ஆர். கடன்பட்டாவது 400 மெகாஹெர்ட்ஸ் கருவி ஒன்று வாங்கிவிடுங்கள். திறப்பு விழா, கல்வெட்டு, குழுப் படம் எல்லாம் உண்டு. அதன் மீக்கடத்துக் காந்தம் மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்க வேண்டும். ஹீலியத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். அதைச் சூழ்ந்திருக்கும் திரவ நைட்ரஜனையோ வாரம் தவறாமல். ஆனால் நிதி ஒதுக்கீடு கருவி வாங்கத்தானே, பராமரிக்க இல்லையே! மூன்று கொட்டேஷனோடு போன ஃபைல் நிதி அலுவலர் மேசையிலிருந்து திரும்புவதற்குள் ஒருநாள் காந்தம் மீக்கடத்துதிறன் இழந்து க்வென்ச் ஆகும். மிச்சமிருந்த ஹீலியம் சில நிமிடங்களில் கொதித்துப் பறந்துவிடும். அதன்பின் அறையைப் பூட்டி வையுங்கள். தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வரும் அன்று திறந்து, தூசி தட்டிக் காட்டலாம். மாணவர்கள் சாம்பிளைக் குப்பியில் அடைத்து வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கட்டும். பொறுமையும் ஆராய்ச்சிக்கு அவசியம்தான்.

ஆய்வு நெறியை மென்பொருளிடம் ஒப்படையுங்கள். யு.ஜி.சி.யின் 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளின்படி 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. "கலவை நைட்ரஜன் சூழலில், அறை வெப்பநிலையில் 12 மணி நேரம் கலக்கப்பட்டது" என்பதை உலகத்து வேதியியலாளர்கள் அனைவரும் ஏறக்குறைய இப்படித்தான் எழுதுவார்கள், எழுதவும் வேண்டும். மென்பொருளுக்கு அது புரியாது, சிவப்பு வண்ணம் பூசும். மாணவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து, "நைட்ரஜனின் அரவணைப்பில் அரை நாள் ஓயாது சுழன்றது" என்று மாற்றுவார். ஒற்றுமை குறையும், அர்த்தமும் கூடவே குறையும். ஸ்பெக்ட்ரத்தில் வேண்டாத ஒரு பீக்கை அழித்தவரை அந்த மென்பொருள் பிடிக்காது. ஆகவே அதை நீங்களும் விசாரிக்க வேண்டாம்.

ஒவ்வொரு செமஸ்டரும் மாணவர் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் பேச வேண்டும் என்று விதி இருக்கிறது. ஐந்து பேரை அரை மணியில் முடித்துவிடலாம். எல்லாருக்கும் ஒரே கேள்வி: "இதில் நாவல்டி என்ன?" நடக்காமல் போன வினைகளைப் பற்றி, ஏன் நடக்கவில்லை என்பதைப் பற்றி யாராவது பேசத் தொடங்கினால், "அடுத்த ஸ்லைடு" என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பக்கம் போனால் வேதியியல் பேச வேண்டியிருக்கும், டீ ஆறிவிடும்.

உதவித்தொகை? நெட் தேறிய ஜே.ஆர்.எஃப்.களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அது நான்கு மாதம் சேர்ந்து வந்தால் சேமிப்புப் பழக்கம் வளரும். நெட் இல்லாதவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல், ஆய்வு உதவிப் பணி தரலாம் என்கிறது விதி. தேர்வு மேற்பார்வை, நாக் ஃபைல்களுக்கு லேபிள் ஒட்டுவது, கைடின் காரை சர்வீஸுக்கு விடுவது எல்லாம் இந்தக் கணக்கில் சேராது.

ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற நிபந்தனையை யு.ஜி.சி. 2022இல் நீக்கிவிட்டது. மாணவரிடம் மூச்சு விடாதீர்கள்.

வைவாவுக்கு வரும் வெளித் தேர்வாளருக்கு திரும்பிப் போக நாலரை மணி ரயிலில் டிக்கெட் போடுங்கள். கேள்வி நேரம் தானாகச் சுருங்கும். பொன்னாடை, பூங்கொத்து, மதிய விருந்து எல்லாம் மாணவர் செலவு. அவர் முகம் சுளித்தால், டாக்டர் ஆகப்போகிறவர் இதற்கெல்லாம் கணக்குப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.