கஜினி முகமதைக் கொஞ்சம் விடுங்கள்

பொங்கலுக்கு ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைக்கவில்லை என்று நேற்று குடும்ப குரூப்பில் ஒரு வரி போட்டேன். ஆறுதல் தேடிப் போட்டதில்லை. மாமியார் வீட்டில் அரிசி களையும்போது ஒரு ஆழாக்கைக் குறைத்துக்கொள்ளட்டுமே என்ற நல்லெண்ணம்தான். அடுத்த நிமிடமே மச்சினன் வந்து குதித்தான். "விடாதீங்க அத்தான்! கஜினி முகமது 17 தடவை படையெடுத்தான்!" கூடவே புஜத்தை மடக்கிக் காட்டும் பொம்மை. அவன் காரில் போகிறவன்.

நான் எழுத உட்கார்ந்தது டிக்கெட்டைப் பற்றித்தான். அதில் ஒரு பிரமாதமான யோசனை வைத்திருக்கிறேன், கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இந்தக் கஜினியை ஒரு கை பார்த்துவிட வேண்டும். பல வருஷமாகவே பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

அரியர் வைத்த பையனுக்குக் கஜினி. ஜாதகம் தட்டிக்கொண்டே போகிறவனுக்குக் கஜினி. லைசென்ஸுக்கு எட்டுப் போடும்போது காலை ஊன்றிவிட்டவருக்கும் கஜினி. 16 முறை தோற்றார், 17-ஆவதில் ஜெயித்தார் என்று எந்தப் புண்ணியவான் முதலில் அளந்துவிட்டாரோ தெரியாது. மனிதர் எங்கே ஐயா தோற்றார்? 1001-ல் பெஷாவர் பக்கம் ஜெயபாலரோடு மோதினார், வென்றார். தோற்ற ஜெயபாலர்தான் அவமானம் தாங்காமல் தீயில் இறங்கினார். பிறகு மகன் ஆனந்தபாலர் வந்தார், அவரும் தோற்றார். 1018-ல் மதுரா, அதே கையோடு கன்னோசி. 1025-ல் கிளம்பி, ஒட்டகங்கள்மேல் தண்ணீரை ஏற்றிக்கொண்டு பாலைவனத்தைத் தாண்டி சோமநாதபுரம். திரும்பும்போதெல்லாம் பொன்னும் யானையுமாகத் திரும்பியிருக்கிறார். இதற்குப் பெயர் வசூல். குளிர்காலத்தில் வந்து, பஞ்சாப் ஆறுகளில் வெள்ளம் ஏறுவதற்குள் வீடு போய்ச் சேருகிற வசூல். தண்டல்காரர் தவறாமல் வந்து வாசலில் நிற்கிறாரே, அவரைப் பார்த்து "என்ன ஒரு விடாமுயற்சி!" என்று யாராவது புல்லரித்திருக்கிறோமா?

அந்த 17 என்பதுகூட ஹென்றி எலியட் என்ற வெள்ளைக்கார அதிகாரி பழைய பாரசீக நூல்களை வைத்துக்கொண்டு எண்ணிச் சொன்ன கணக்கு. சரித்திரக்காரர்கள் இன்றைக்கும் ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்துச் சொல்கிறார்கள். எங்கள் வாத்தியார் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. அவருக்கு அது ஒரு மார்க் கேள்வி.

நிஜமாகவே அவர் திணறிய இடம் ஒன்று உண்டு. அதை எவனும் பார்வர்டு செய்வதில்லை. காஷ்மீர் மலையில் லோகர்கோட் என்று ஒரு கோட்டை. 1015-ல் போய் முற்றுகை போட்டார், பனி கொட்டியது, திரும்பினார். 1021-ல் மறுபடி போனார், மறுபடியும் பனி. அதோடு சரி, அப்புறம் காஷ்மீர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதாவது, கஷ்டமாக இருந்தால் இரண்டோடு நிறுத்திக்கொள்வது என்பதுதான் கஜினியின் கொள்கை. தோற்ற இடத்திலேயே ஜெயித்த ஆள் வேண்டுமானால் கோரி முகமது இருக்கிறார். 1191-ல் தரெய்னில் தோற்று அடுத்த வருஷம் அதே தரெய்னில் ஜெயித்தார். ஆனால் ஒரு தோல்வியை வைத்துக்கொண்டு மச்சினன்மார் என்ன செய்வார்கள்? அவர்களுக்குப் பதினாறு தேவைப்படுகிறது.

கஜினி நம் ஊருக்கு வந்ததில்லை, அதனால்தான் இவ்வளவு பாசம். 2005-ல் சூர்யா நடித்த படத்துக்கு நாம் 'கஜினி' என்று பெயர் வைத்துக் கொண்டாடினோம். அதையே 2008-ல் இந்தியில் எடுத்தபோது அந்தப் பெயரை வில்லனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பட்டவர்களுக்குத் தெரியும் வலி! அவர் சோமநாதபுரத்துக்குக் கிளம்பிய அதே 1025-ல் நம் ராஜேந்திர சோழன் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பியிருக்கிறார். காரியம் ஒரே நடையில் முடிந்தது. பாவம், முதல் தடவையே ஜெயித்துத் தொலைத்ததால் அவரை எந்த குரூப்பிலும் ஆறுதலுக்குக் கூப்பிடுவதில்லை.

சரி, டிக்கெட். அறுபது நாளைக்கு முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கிறார்கள். நானும் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். நெளிந்து நிற்கும் எழுத்துகளைப் படித்து அடித்து, நான் மனிதன்தான் என்று நிரூபித்து, ஓடிபி வந்து சேர்வதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் என்னைவிட முன்னே போயிருந்தது. இதில் என் மனவுறுதிக்கு என்ன வேலை? புது மாதிரி ஸ்லீப்பர் பெட்டி ஒன்றில் 80 படுக்கை. நான் எத்தனை உறுதியோடு பட்டனைத் தட்டினாலும் 81-ஆவது படுக்கை முளைக்காது. இடம் கிடைக்காத அத்தனை பேரும் விடாமல் தட்டினவர்கள்தான். பெட்டி போதவில்லை என்று நான் சொன்னால், உனக்கு முயற்சி போதவில்லை என்று பதில் வருகிறதே, அதுதான் எரிகிறது. அதைச் சொல்கிற ஆள் ஒருநாளும் வெயிட்டிங் லிஸ்டில் இருப்பதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்.

மேற்படி வரலாறு முழுவதையும், வருஷம் உட்பட, குரூப்பில் தட்டிப் போட்டேன். பெரிய மாமனார் கும்பிடும் கை போட்டார். சித்தி "அருமை" என்றார், படித்திருக்க வாய்ப்பில்லை. மச்சினன் மட்டும் கேட்டான்: "அதெல்லாம் இருக்கட்டும் அத்தான், 17-ஆவது தடவை ஜெயிச்சாரா இல்லையா?"

யோசனை என்று சொன்னேனே, அதைச் சொல்ல இப்போது மூடு இல்லை. "சண்டை போட்டது போதும், பஸ்ஸையாவது பாருங்க" என்று வீட்டில் சத்தம். ஆம்னி பஸ் ரேட்டைத் திறந்து பார்த்தேன். இவர்களும் பொங்கல், தீபாவளி என்று வருஷம் தவறாமல் வருகிறவர்கள்தான். ஒரு தடவைகூடத் தோற்றதாகத் தகவல் இல்லை.