வளவு வீட்டுச் சிறுநாயின் கடிப்பியல்

காரைக்குடி வட்டாரத்து வளவு வீடுகளில் வளரும் சிறுநாய், பெரும்பாலும் வெள்ளைப் பொமரேனியன், விலை பார்த்துக் கடிப்பதில்லை. பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாவற்றையும் கடந்துபோய், முகப்பில் கழற்றிவிட்ட ரப்பர் செருப்பில் ஒன்றை, ஒன்றை மட்டும், அது தேர்ந்தெடுக்கும். எஞ்சிய ஒற்றைச் செருப்பின் எதிர்காலம் இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

கடிக்கு முதற்காரணம் பல். குட்டிக்குப் பால் பற்கள் 28. நான்காம் மாதவாக்கில் அவை விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் 42 நிலைப் பற்கள் முளைத்துவிடும். இடையில் ஈறு நமநமவென்று ஊறும். எதையாவது கடித்தால்தான் அடங்கும். அதன் பிறகும் தொடரும் கடிக்குப் பெரும்பாலும் பொழுது போகாமையே காரணம். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீட்டில் ஓர் ஆச்சியும் ஒரு நாயும் மட்டுமே மிஞ்சினால், நாய்க்கு வேறு என்ன உத்தியோகம் இருக்க முடியும்?

கடிபடும் பொருள்களில் ஓலை வகை தனித்துக் குறிப்பிடத்தக்கது. கொட்டான் என்னும் ஓலைக்கூடையும் தடுக்கு என்னும் ஓலைப்பாயும் நாயின் வாய் உயரத்திலேயே இருப்பவை. கடித்தால் நறநறவென்று சத்தமும் தருபவை. கல்யாணத்துக்குச் சீர்ச் சாமான் பரப்பும் நாளில் அவை வீடு முழுவதும் தரையில் விரிந்து கிடக்க, அதைத் தன் பொருட்டுச் செய்த ஏற்பாடென்று நாய் எண்ணுவதில் தவறு காண இயலவில்லை. அன்றைக்கு நாயை வீட்டின் பின்புறமுள்ள இரண்டாம் கட்டில் கட்டிப்போடுவதே முறை. துணி வகையில் கொடியில் தொங்கும் கண்டாங்கிச் சேலையின் முந்தானை முதலிடம் பெறும். செல்போன் சார்ஜர் ஒயர் மட்டும் சிரிக்கும் விஷயமன்று; மின்சாரம் தாக்கி வாய் வெந்துபோகும், உயிரும் போகலாம்.

இனித் துரத்தல். செருப்பைக் கவ்விய நாயை "விடுடா, விடு!" என்று துரத்துவது இவ்வட்டாரத்தில் பரவலான சிகிச்சை. முற்றத்தைச் சுற்றி வரும் வளவுத் தாழ்வாரத்துக்கு முடிவு கிடையாது என்பதை ஆச்சி மறந்தாலும் நாய் மறப்பதில்லை. செருப்பைவிடத் துரத்தலே அதற்குப் பெரிய பரிசு. ஆகவே துரத்தாமல் பண்டமாற்றுச் செய்வதே நல்ல வழி: எலும்பில்லாத, மசாலா படாத வேகவைத்த கோழித் துண்டைக் காட்டினால் செருப்பு தானே விழும். லாபம் நாய்ப் பக்கம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பேரம் பேசவே திருடும் சாமர்த்தியமும் சில நாய்களுக்கு உண்டு. நாய் தன் சொந்தப் பொம்மையைக் கொண்டுவந்தாலும் கூலி கொடுத்துவந்தால் அந்த வியாபாரம் படுத்துவிடும்.

சேதத்தைக் கண்ட பிறகு திட்டுவதில் பயனில்லை. தலை தாழ்த்தி, காதை மடக்கி நாய் விழிப்பதைக் குற்ற உணர்ச்சி என்று வீட்டார் கொள்வர். நியூயார்க்கில் நாய் நடத்தை ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த முகம் தப்புச் செய்ததால் வருவதன்று, திட்டுவதால் வருவது. தப்பே செய்யாத நாயும் அதே முகத்தைக் காட்டியது.

கடிக்கக் கொடுக்கத் தக்கவை: நனைத்து முடிச்சிட்டுக் குளிரவைத்த கெட்டித் துணி, கேரட், நாய்களுக்கென்றே விற்கும் ரப்பர் பொம்மை. துணி பிரிந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். பழைய செருப்பைக் கொடுப்பது பெரும்பிழை. எது பழையது, எது நேற்று வாங்கியது என்று நாய்க்குப் பிரித்தறியத் தெரியாது. கோழிக் குழம்பு எலும்பு சிம்பாய் உடைந்து குடலைக் குத்தும். குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. பாயசத்து உலர்திராட்சையும் சாக்லேட்டும் நஞ்சு.

விளையாட்டாகக் கையைக் கவ்வினால் ஆட்டத்தை நிறுத்தி எழுந்து போய்விட வேண்டும். கத்தினால் அதையும் ஆட்டமாகவே கொள்ளும். தோல் கிழிந்துவிட்டால், வீட்டு நாயே ஆனாலும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும்.

கடித்ததில் ஒரு துண்டு காணாமல் போய், நாய் வாந்தி எடுத்துச் சோறும் வேண்டாமென்றால் குடல் அடைத்திருக்கக்கூடும். அன்றே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்க. மிச்சத்தையும் கையோடு கொண்டுபோனால், உள்ளே போனது எவ்வளவு என்று அவர் கணக்கிட உதவும்.