பாக்ஸ்கார் இலக்கணம்

அமெரிக்க ரயில் கம்பெனிகளின் சரக்கு வண்டிகளில் மிகச் சாதாரணமானது பாக்ஸ்கார். நாற்பதடி நீளம், நான்கு சுவர், ஒரு கூரை, பக்கத்துக்கு ஒரு தள்ளுகதவு, அடியில் போகி எனப்படும் சக்கரச் சட்டம் இரண்டு. மாவு மூட்டை, ஆணிப் பீப்பாய், கோதுமை, காகிதச் சுருள் என எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். 1940களில் இவை லட்சக்கணக்கில் ஓடின. பாதையோரம் கேமராவோடு காத்திருந்தவர்கள் நீராவி எஞ்சின் வந்ததும் படம் எடுத்தார்கள். பின்னால் வந்த பாக்ஸ்கார்கள் கடந்து முடியும்வரை ஃபிலிமை மிச்சம் பிடித்தார்கள். அந்த அலட்சியத்தின் பயனாகப் பிற்காலத்தில் ஒரு சாஸ்திரம் தோன்றியது. யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பொருளை, யாரும் திரும்பிப் பார்க்காத அதே கோலத்தில், குறையேதுமின்றிச் சிறிதாகச் செய்து மேசைமேல் நிறுத்துவது எப்படி என்பதே அது நுதலிய பொருள்.

அளவில் தொடங்குவது மரபு. அமெரிக்காவில் பெரும்பான்மையோர் பின்பற்றுவது எச்.ஓ. அளவு. அசலின் ஓர் அடிக்கு மாடலில் 3.5 மில்லிமீட்டர்; அதாவது 87.1இல் ஒரு பங்கு. புள்ளிக்குப் பின்னால் உள்ள ஒன்றை விட்டுவிட்டுப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வேறு எதையெல்லாம் விட்டிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். இந்த அளவில் தண்டவாளத்தின்மேல் ஒரு கடுகு விழுந்து கிடந்தால், எஞ்சின் டிரைவர் கண்ணுக்கு அது உரித்த தேங்காய். ஆதலால் பட்டறையைச் சமையலறைக்குப் பக்கத்தில் அமைப்பது விலக்கப்பட்டது.

பிரிட்டிஷார் வழி தனி வழி. அந்நாட்டு எஞ்சின்கள் ஒல்லியானவை. அவற்றுக்குள் அன்றைய மோட்டார் அடங்காததால், வண்டியை மட்டும் அடிக்கு 4 மில்லிமீட்டராகப் பெருக்கிவிட்டுத் தண்டவாள இடைவெளியை 16.5 மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டார்கள். பெருக்கிப் பார்த்தால் நான்கடி எட்டரை அங்குலமாக இருக்கவேண்டிய பாதை நான்கடி ஒன்றரை அங்குலத்தில் நிற்கிறது. ஏழு அங்குலத்தைக் காணோம். ஒரு சாரார் 18.2 மில்லிமீட்டர் என்று திருத்தினார்கள்; அந்தத் திருத்தம் போதாதென்று இன்னொரு சாரார் 18.83 என்றார்கள். மற்ற எல்லாரும் ஏழு அங்குலத்தை மன்னித்துவிட்டு ரயில் ஓட்டப் போய்விட்டார்கள். நம் ஊர் அகலப்பாதையை எச்.ஓ. அளவில் செய்யப் புகுந்தவருக்கு 19.2 மில்லிமீட்டர் வேண்டும். கடையில் கிடைப்பது 16.5. நம்மவர்களுக்கும் மன்னிக்கத் தெரியும்.

அளவு சரியாக அமைந்துவிட்டால் துல்லியம் வந்துவிடும் என்பது கற்றுக்குட்டிகளின் நம்பிக்கை. பாக்ஸ்காருக்கு நீளம், அகலம், உயரம் போகத் தேதி என்று நான்காவதாக ஒரு பரிமாணம் உண்டு. அதில் தவறினால் மற்ற மூன்றும் வீண்.

பென்சில்வேனியா ரயில்ரோடின் எக்ஸ்29 ரகத்தை எடுத்துக்கொள்வோம். 1924 தொடங்கிப் பத்தாண்டுகளில் முப்பதாயிரத்தை ஒட்டிக் கட்டப்பட்ட எஃகுப் பெட்டி. முதலில் வந்தவற்றுக்கு முன்பின் சுவர்கள் வெறும் தட்டைத் தகடு. கடைசியில் வந்தவற்றுக்கு நெளிவு நெளிவாக அழுத்திய ‘டிரெட்னாட்’ சுவர்கள். முதலில் கிரெக்கோ கதவு, பிற்பாடு யங்ஸ்டவுன் கதவு. பிரேக் முதலில் கே வகை: சிலிண்டர், காற்றுத்தொட்டி, வால்வு எல்லாம் ஒரே உருப்படியாகத் தொங்கும். 1933க்குப் பிறகு புதுப் பெட்டிகளுக்கு ஏபி வகை கட்டாயமானது. அதில் மூன்றும் பாகம் பிரிந்து தனித்தனியாகக் குடியிருக்கும். பழைய பெட்டிகளுக்கும் படிப்படியாக மாற்றினார்கள். 1953இல், கே பிரேக் வைத்த வண்டிக்கு அடுத்த கம்பெனியின் பாதையில் அனுமதி இல்லையென்று ஆயிற்று. இதற்குள் பக்கத் தகடுகளின் கீழ்விளிம்பு துருப்பிடித்து, ஒட்டுத்தகடு வைத்துப் பற்றவைக்கப்பட்டவை பல. 1954இல் வட்டத்துக்குள் இருந்த கம்பெனியின் கீஸ்டோன் சின்னத்தை வெளியே எடுத்து, நிழல் விழுவதுபோல் எழுதத் தொடங்கினார்கள்.

ஆக, ‘எக்ஸ்29 செய்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால் அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்றே கொள்க. எந்த எண், எந்த ஆண்டு, ஆண்டின் முற்பாதியா பிற்பாதியா என்று கேட்க வேண்டும். பேச்சை மாற்றுகிறவரோடு நட்புப் பாராட்டலாம். அவர் பெட்டியை நம்பக் கூடாது.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அது வண்டியின் அடிவயிற்றில் இருக்கிறது. குழாய், நெம்புகோல், இழுகம்பி, தொங்குபிடி எல்லாவற்றையும் 0.3 மில்லிமீட்டர் கம்பியை வளைத்து வளைத்து ஒட்ட வேண்டும். சாமணத்தின் பிடியிலிருந்து தெறித்த துண்டு தரையில் விழுந்தால் போனதுதான். எல்லாம் முடித்து வண்டியைத் தண்டவாளத்தில் வைத்தால் எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. தெரியாததைச் செய்வானேன் என்பது பூர்வபட்சம். தடம் புரளும்போது தெரியும் என்பது சித்தாந்தம். அடிவயிறு குறைவறச் செய்யப்பட்ட வண்டி, வளைவில் போகி திரும்புகையில் சக்கரம் இழுகம்பியில் இடித்து, மற்ற வண்டிகளைவிட அடிக்கடி தடம் புரளும் என்பதால் இச்சித்தாந்தம் தன்னைத்தானே நிறுவிக்கொள்கிறது. வளைவின் பங்கும் இதில் உண்டு. கற்றுக்குட்டிகளுக்கான மாடல் ரயில் செட்டுகளோடு வரும் தண்டவாளத்தின் ஆரம் 18 அங்குலம். அசலுக்குப் பெருக்கினால் 131 அடி. மெயின் லைனில் இப்படியொரு வளைவை வரைந்த எஞ்சினியருக்கு மறுநாள் வேலை இருந்திருக்காது.

தேதி விஷயத்தில் மிகப் பெரிய அபசாரம் ஐஸ் பெட்டிகளில் நடக்கிறது. கூரையில் பனிக்கட்டி கொட்டும் மூடிகளோடு, பழமும் இறைச்சியும் வெண்ணெயும் கொண்டுபோன வண்டிகள் இவை. குத்தகைக்கு எடுத்த கம்பெனிகள் தங்கள் பீரையும் வெண்ணெயையும் பக்கச் சுவர் முழுக்கப் பல வண்ணத்தில் விளம்பரம் செய்துவந்தன. மாநிலங்களிடை வணிக ஆணையம் 1934இல் இதற்குத் தடை போட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் விளம்பரங்கள் அழிந்தன. ஆனால் விற்பனைக்கு வரும் மாடல்களில் அவை இன்றைக்கும் தளதளவென்று இருக்கின்றன. 1950களின் டீசல் எஞ்சினுக்குப் பின்னால் பீர் விளம்பரம் சிரித்துக்கொண்டு போவதை எத்தனையோ வீடுகளில் காணலாம். தடையுத்தரவைப் பொம்மைக் கடைகளுக்கும் விரித்து எழுதாதது ஆணையத்தின் கவனக்குறைவு என்றே சொல்ல வேண்டும்.

நிறத்துக்கு வருவோம். பாக்ஸ்கார் சிவப்பு என்பார் ஒருவர். செம்பழுப்பு என்பார் இன்னொருவர். இருவரும் ஒரே பெட்டியைத்தான் சொல்கிறார்கள். இரும்பு ஆக்சைடு பெயிண்ட் மலிவு, அழுக்கு தெரியாது என்பதற்காகக் கம்பெனிகள் அதை அடித்தன. சாட்சிக்குக் கிடைப்பவை கறுப்பு-வெள்ளைப் படங்கள். பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்புப் பார்வை கிடையாது. சிவப்பெல்லாம் அதில் கறுப்பாகவே விழும். கம்பெனிகளின் வண்ண மாதிரி அட்டைகள் சில பிழைத்திருக்கின்றன. ஆனால் அட்டைக்கும் வயதாகும். இதற்கிடையில், மேசையிலிருந்து இரண்டடி தள்ளி நின்று பார்ப்பது அசலில் 174 அடி தள்ளி நின்று பார்ப்பதாகும், இடையிலுள்ள காற்று நிறத்தை வெளிறச் செய்யும், ஆகவே பெயிண்டில் கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும் என்று ஒரு பிரிவினர் வாதிடுகிறார்கள். அதே 174 அடியிலிருந்து பார்த்தால் ரிவெட் எதுவும் கண்ணுக்குத் தெரியாதே என்று கேட்டால் அவர்களுக்குக் கோபம் வரும். ரிவெட் தலை 0.35 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக நிற்பவர்களும் இவர்களே.

அசலில் அசிரத்தையாகச் செய்யப்பட்டதை மாடலில் சிரத்தையாகச் செய்யவேண்டும் என்பது இச்சாஸ்திரத்தின் உயிர்நிலை. உதாரணம் எடைக்குறி. ஒவ்வொரு வண்டியின் காலி எடையும் அதன் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். மரம் உலரும், தகடு தேயும், பழுதுபார்க்கையில் பாகம் மாறும். எனவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி நிறுத்து, பழைய எண்ணின்மேல் ஒரு திட்டு பெயிண்ட் அடித்துப் புது எண்ணையும், நிறுத்த பட்டறையின் குறியையும், மாதம், வருடத்தையும் எழுதுவார்கள். அச்சுப்பெட்டியில் எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திணிப்பை மாற்றிய தேதி போகிக்கு மேலே தனியாக இருக்கும். பட்டறைத் தொழிலாளி அந்தத் திட்டைக் கோணலாக அடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போயிருப்பார். அதே கோணலை மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் கொண்டுவர ஒரு மாலைப்பொழுது முழுவதும் வேண்டும். புழுதி படிந்த பழுப்புச் சுவரில் புதுப் பெயிண்டாகப் பளிச்சென்று ஒரு சிறு சதுரம், அதற்குள் பூதக்கண்ணாடி வைத்தால் மட்டும் படிக்கக்கூடிய தேதி. 1950 அக்டோபரில் ஓடும் ரயிலில் 1951ஆம் ஆண்டின் எடைக்குறி இருந்துவிட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அந்தப் பெட்டி இன்னும் பிறக்காத பெட்டி. யார்டுக்காரர்கள் சாக்பீஸால் கிறுக்கிய பாதை எண்கள், ஆணிப் பலகையில் கிழிந்து தொங்கும் சீட்டுத் துணுக்குகள் இவற்றுக்கும் இதுவே விதி. கிறுக்கல் இயல்பாக அமையவில்லை என்று அழித்துவிட்டுத் திரும்பக் கிறுக்குகிறவர்களை நான் மதிக்கிறேன்.

ஒரு பெட்டியைச் செவ்வனே முடித்தவருக்கு அடுத்த கேள்வி, எந்தக் கம்பெனியின் பெட்டிகள் எத்தனை வேண்டும் என்பது. பாக்ஸ்கார் ஊர்சுற்றி. கலிஃபோர்னியாவின் வண்டி மெயின் மாநிலத்தில் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக நின்றால், கையில் சரக்கு வைத்திருப்பவர் அதில் ஏற்றி வேறெங்கோ அனுப்பிவிடுவார். பிறர் வண்டியை வைத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் உடைமைக் கம்பெனிக்கு வாடகை உண்டு என்பதால் யாரும் பதறுவதில்லை. இப்படிக் கலந்து கலந்து, எந்தப் பெரிய பாதையில் நின்று பார்த்தாலும் வெளிக் கம்பெனி பாக்ஸ்கார்கள் ஏறத்தாழத் தேசிய விகிதத்திலேயே வரும் என்பது இத்துறையின் கருதுகோள். நிலக்கரி வண்டிகளுக்கு இது பொருந்தாது. அவை சுரங்கத்துக்கும் துறைமுகத்துக்குமாகப் போய்வருகிறவை. அமெரிக்காவில் மிக அதிக வண்டிகள் பென்சில்வேனியா ரயில்ரோடினுடையவை. ஆகவே டெக்ஸஸ் பாலைவனத்தை மாடல் செய்கிறவரும் ஒரே மாதிரியான பழுப்பு எக்ஸ்29களை வரிசையாகச் செய்து அடுக்க வேண்டும். நடப்பில், யாரும் கேள்விப்படாத குட்டிக் கம்பெனியின் அழகிய பச்சைப் பெட்டி அலமாரிக்கு அலமாரி இருக்கிறது. அசலில் ஓடியவற்றைக் காட்டிலும் எச்.ஓ. அளவில் அதிகமாக ஓடும் வண்டி ரகங்கள் உண்டு என்று நான் சந்தேகிக்கிறேன்.

சக்கரம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வழக்கமான மாடல் சக்கரத்தின் அகலம் 0.110 அங்குலம், பெருக்கினால் ஒன்பதரை அங்குலத்துக்கு மேல். அசல் ஆறங்குலத்துக்கும் குறைவு. நுட்பமான சக்கரம் என்று 0.088 வந்திருக்கிறது, அதுவும் ஏழரைக்கு மேல். ஏணிப்படிக் கம்பியை முக்கால் அங்குலத்துக்கு ஒரு நூலிழை தடித்துவிட்டது என்று பிடுங்கி எறிகிறவர்கள் இந்தச் சக்கரத்தைக் கண்டும் காணாமல் இருக்கிறார்கள். மெலிந்த சக்கரம் பாதை மாறும் இடத்தில் இடைவெளிக்குள் விழும். கொள்கைக்கும் ஒரு வரம்பு வேண்டுமே.

எடைதான் என்னை உறுத்துவது. 1935இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் இதற்கொரு பரிந்துரை வைத்திருக்கிறது: எச்.ஓ. வண்டிக்கு ஓர் அவுன்ஸ், அதோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். நாற்பதடிப் பெட்டிக்கு இது சுமார் 106 கிராம். அசல் பெட்டி காலியாக ஏறத்தாழ 45,000 பவுண்டு. எடை கன அளவோடு சுருங்கும் என்பதால் 87.1ஐ மும்முறை பெருக்கி வகுத்தால் வருவது 31 கிராம். ஐம்பது டன் சரக்கை ஏற்றினால் 100 கிராம். எனவே பரிந்துரைப்படி செய்யப்பட்ட பாக்ஸ்கார் எப்போதும் முழுச் சரக்கோடுதான் இருக்கிறது. உள்ளே இருப்பது ஈயக்கட்டி என்பதால் சரக்கு என்னவென்ற ஐயமும் இல்லை.

ஆனால் இதே வண்டிகளுக்குச் சீட்டு எழுதி, இன்ன ஊரில் சரக்கு இறக்கி, காலியாக இன்ன யார்டுக்கு அனுப்பவேண்டும் என்று அசல் நிர்வாகத்தைப் போலவே நடத்திப்பார்ப்பவர்கள் உண்டு. அவர்களுடைய சீட்டில் ‘காலி’ என்று இருக்கிறது. தராசில் 106 கிராம் இருக்கிறது. பரிகாரமாக, சரக்கு இறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் ஈயத்தை வெளியே எடுத்துவிடலாம். கதவு வழியாக விரல் நுழையாது என்பதால் கூரையைக் கழற்றி மாட்டும்படி அமைக்க வேண்டியிருக்கும். அப்படி அமைத்தால் கூரையும் சுவரும் சேருமிடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரியும். 1950 அக்டோபரில் அந்தக் கோடு இல்லை.