சங்கத்துல அரசியல் கிடையாது சார்!

குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். சென்னைப் புறநகரில் எந்த நகருக்குப் போனாலும் கக்கத்தில் ரெக்சின் பையும் சட்டைப் பையில் இரண்டு பேனாவுமாக எதிரே வருவார். நாம் வணக்கம் சொன்னால் பதிலுக்கு, “சங்கத்துல அரசியல் கிடையாது சார்” என்பார். நாம் கேட்டிருக்க மாட்டோம்.

அவர் எந்தக் கட்சி என்று அவர் வாய் சொன்னதே இல்லை. அந்தப் பொறுப்பை வேட்டிக் கரை பார்த்துக்கொள்கிறது.

பிள்ளையார் கோயில் முனையில் ஒரு பள்ளம் இருக்கிறது. பல ஆட்சி கண்ட பள்ளம். தம் கட்சிக்காரர் கவுன்சிலராக இருந்தால் அது மழையில் அரித்தது, “இயற்கை சார், யார் என்ன பண்ண முடியும்?” மற்றக் கட்சிக்காரர் வந்துவிட்டால் அதே பள்ளம் கமிஷனில் விழுந்தது. உடனே டேப் வைத்து அளப்பார். ஆழம் தெரிவதற்காகத் தம் செருப்பைக் கழற்றி உள்ளே வைத்துப் படம் எடுப்பார். மண்டல அலுவலகம் தொடங்கி முதல்வர் தனிப்பிரிவு வரைக்கும் மனு போகும். கையெழுத்து வாங்க வீடு வீடாக வருவார். நீங்கள் கொஞ்சம் தயங்கினால், “இதுல எங்க சார் அரசியல்? பள்ளத்துக்குக் கட்சி உண்டா?” என்று கேட்பார். பள்ளத்துக்கு இல்லைதான்.

அவருடைய பொற்காலம் 2016 அக்டோபரில் ஆரம்பித்தது. உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிக்கொண்டே போய், நகர்ப்புறங்களில் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து வருஷத்துக்கு மேல் வார்டுக்குக் கவுன்சிலரே கிடையாது. குப்பை வண்டி வரவில்லையா, தெருவிளக்கு எரியவில்லையா, இவரிடம்தான் போக வேண்டும். ஒன்று சொல்லிவிட வேண்டும். மனுஷர் உழைத்தார். 2021 நவம்பர் மழையில் முழங்கால் தண்ணீரில் நின்று மோட்டார் வைத்து இறைத்தார். முதலில் எந்தத் தெருவில் இறைத்தார், எந்தத் தெருவுக்கு மூன்றாம் நாள் மோட்டார் வந்தது என்பதை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சில விஷயம் புரியும். கேட்டால், “மேடு பள்ளம் பார்த்துதான் சார் செஞ்சேன்” என்பார்.

வாட்ஸ்அப் குழுவில் அரசியல் பதிவுக்குத் தடை. விதியை எழுதியவரும் அட்மினும் அவரே. எதிர்க்கட்சி மீம்ஸ் ஒன்று வந்தால் டீயை வைத்துவிட்டு வந்து அழிப்பார். தம் தலைவர் அறிக்கை மட்டும் காலை ஆறு மணிக்கு “தகவலுக்காக” என்ற தலைப்பில் வந்துவிடும். தகவல் வேறு, அரசியல் வேறு.

இனி கணக்குக்கு வருவோம். 1975-இன் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நிதியாண்டு முடிந்து 6 மாதத்துக்குள் பொதுக்குழு கூட்ட வேண்டும்; வரவு செலவைப் பதிவாளருக்குத் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 வருஷத்தைத் தாண்டக்கூடாது. செயலாளர் தாண்டியதே இல்லை. மூன்றாம் வருஷம் இறங்குவார். அன்று சாயங்காலமே ஏகமனதாக ஏறிவிடுவார்.

பொதுக்குழுவில் கணக்கு எப்போது படிக்க வேண்டும் என்பதில் அவருக்கு நிகர் அவர்தான். சிறப்பு விருந்தினர் கிளம்பி, சமையல்காரர் பஜ்ஜித் தட்டை வெளியே கொண்டுவந்த பிறகு எழுந்திருப்பார். விருந்தினர் யார் என்பது வேட்டிக் கரையைப் பொறுத்தது. நாற்காலிகள் நகரும் சத்தத்தில், “விழாச் செலவு பதினெட்டாயிரத்து நானூறு, பொன்னாடை மூவாயிரம், இதர இருபத்தோராயிரத்து எழுநூத்தம்பது, ஏகமனதா நிறைவேறினதா எடுத்துக்கறேன்” என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார். இதரவில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பணத்தைக் கையாடுகிற ஆள் இல்லை. அப்படிச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். தலைவர் பிறந்தநாள் மரக்கன்று, தலைவர் படம் போட்ட நோட்டுப் புத்தகம், தலைவர் பெயரில் நீர்மோர்ப் பந்தல், எல்லாம் உண்மையாகவே நடந்தவை. நம் பணத்தில் நடந்தவை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு நகரிலும், அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் ஏஜிஎஸ் ஆபீஸ்காரர் ஒருவரும் இருப்பார். ரிட்டயராகியும் பச்சை மையை விடாதவர். அவர் ஒருவர்தான் பஜ்ஜிக்கு எழுந்திருக்காமல், “இதரவுக்கு வவுச்சர் இருக்கா?” என்பார்.

செயலாளர் முகம் சுருங்கும். “என்னையா சார் சந்தேகப்படறீங்க?” கை சட்டைப் பைக்குப் போகும். ராஜினாமாக் கடிதம் வெளியே வரும். எப்போதும் அதே கடிதம்தான். மடித்து மடித்து நடுவில் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டியிருக்கும். தேதி இடம் மட்டும் காலி. “இந்தாங்க. நாளையிலேருந்து மோட்டார் ரிப்பேருக்கு நீங்களே போங்க. ஈ.பி. ஆபீஸ்ல நீங்களே நில்லுங்க.”

கூட்டம் கலங்கிப்போகும். ஈ.பி. ஆபீஸில் நிற்பதா? “விடுங்க சார், பெரியவர் ஏதோ தெரியாம கேட்டுட்டார்” என்று பத்துப் பேர் கையைப் பிடிப்பார்கள். கடிதம் பைக்குள் திரும்பும். வவுச்சரை அப்புறம் யாரும் கேட்பதில்லை. நானும் அந்தப் பத்துப் பேரில் ஒருவன்தான்; பஜ்ஜி வேறு ஆறிக்கொண்டிருந்தது.

போன பொதுக்குழுவில்தான் கொஞ்சம் பிசகியது. செயலாளர் வரவேற்புரையில் வழக்கம்போல உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பிடித்துக்கொண்டார். “முதலாம் பராந்தகன் காலத்துல, 919-லயும் 921-லயும், கல்லுல வெட்டி வெச்சிருக்கான் சார்! குடவோலை! உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்தவன் தமிழன்!” கைதட்டல். சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உள்ளவர் பெயர்தான் அந்தக் குடத்துக்குள் போனது என்பதை அவர் சொல்லவில்லை. நல்ல நாளில் எதற்கு.

ஏஜிஎஸ் பெரியவர் எழுந்தார். கையில் கல்வெட்டு வாசகத்தின் நகல். “அதே கல்வெட்டுல இன்னொண்ணும் இருக்கு. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரைக் குடவோலையில எழுதவே கூடாது. அவன் மட்டும் இல்லை. சித்தி பிள்ளை, பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன், மாமனார், பெண்டாட்டியோட அண்ணன் தம்பி, அக்கா தங்கை புருஷன், மருமகன், அப்பா, பிள்ளை, ஒருத்தர் பேரும் கூடாது. நம்ம பொருளாளர் உங்களுக்கு என்ன உறவு?”

முதல் தடவையாக பஜ்ஜித் தட்டைத் தாண்டி எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள். பொருளாளர் குனிந்து செருப்பைத் தேடினார்.

செயலாளர் பைக்குக் கையைக் கொண்டுபோகவில்லை. நகலைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பட்டியலை மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார். பிறகு நிமிர்ந்தார்.

“இதுல சகலை இல்லையே சார்?”

பெரியவர் நகலைத் திரும்ப வாங்கி இரண்டு முறை பார்த்தார். நிஜமாகவே இல்லை.

“ஏகமனதா எடுத்துக்கறேன்” என்றார் செயலாளர்.