சும்மா கேட்டுப் பாருங்களேன்!

சிப்காட் தொழிலாளி, கும்மிடிப்பூண்டி:
லோக்கல் ட்ரெயினில் காரணமே சொல்லாமல், ‘எழுந்திருங்க, நான் உக்காரணும்’ என்றால் என்ன ஆகும்?

நியூயார்க்கில் எழுந்துவிட்டார்கள்! 1970களில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர், மாணவர்களைப் பாதாள ரயிலில் ஏற்றி இதைத்தான் கேட்கச் சொன்னார். மொட்டையாகக் கேட்டபோது 68 சதவீதம் பேர் எழுந்தோ நகர்ந்தோ இடம் கொடுத்தார்கள். ‘நின்றுகொண்டு புத்தகம் படிக்க முடியவில்லை’ என்று சாக்கு சொன்னபோது அது 42 ஆகக் குறைந்தது. கேட்டவர்கள் பாடுதான் திண்டாட்டம். மில்கிராமே கேட்கப் போய், தொண்டை அடைத்து, குமட்டி, சீட் கிடைத்ததும் நோயாளி போலத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாராம்.

உங்கள் வண்டியில் சங்கதியே வேறு. மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் ‘கொஞ்சம் தள்ளிக்கண்ணா’ என்றால், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே மூன்று பேரும் நகர்வார்கள். பாதி உடம்பு சீட்டில், ஒரு கால் நடைவழியில். அது நாலாவது ஆளின் பிறப்புரிமை. ஆனால் ‘எழுந்திருங்க’ என்றால்? ‘ஏன்பா, உடம்பு முடியலியா?’ என்பார் ஒருவர். முடிகிறது என்றால், ‘நான் பொன்னேரியில இறங்கிடுவேன், அப்புறம் உக்காந்துக்க’ என்பார். அங்கே ஆராய்ச்சி, இங்கே முன்பதிவு!

கல்லூரி மாணவி, திருவள்ளூர்:
இது மாதிரி ஒரு சோதனையை வீட்டில் செய்து பார்க்கலாமா?

ஹெரால்டு கார்ஃபிங்கல் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் செய்ய வைத்தார். 1967இல் வந்த அவர் நூலில் இருக்கிறது. சொந்த வீட்டிலேயே வாடகைக்குத் தங்கியவர்போல மாணவர்கள் பவ்வியமாக நடந்துகொள்ள வேண்டும். கால் மணி நேரம் போதும். ‘உடம்பு சரியில்லையா, வேலை போச்சா’ என்று பெற்றோர் துளைத்தெடுத்துவிட்டார்கள். மரியாதை கூடினால் கோபம் வருகிறது, பாருங்கள்!

நீங்கள் அம்மாவிடம் ‘கொஞ்சம் தண்ணி எடுத்துக்கலாமாங்க? ரொம்ப நன்றிங்க’ என்று சொல்லிப் பாருங்கள். முதலில் நெற்றியில் கை வைப்பார். அடுத்து உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார். அதற்கும் நீங்கள் நன்றி சொன்னால், வருகிற அமாவாசைக்கு வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் உங்கள் பெயரில் வெல்லம் கரைவது நிச்சயம்.

இல்லத்தரசி, மணவாள நகர்:
பேரமே பேசாமல், பூக்காரம்மா கேட்ட விலையைக் கொடுத்தால்?

கார்ஃபிங்கல் இதைத் தலைகீழாகச் செய்தார். விலை ஒட்டிய கடையில் மாணவர்களைப் பேரம் பேசவிட்டார். பலருக்கு விலை குறைந்தே விட்டது. நீங்கள் பேசாமல் கொடுத்தால் பூக்காரம்மாவுக்குத்தான் சங்கடம். நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பிறகு மனசு கேட்காமல், ‘இந்தா கண்ணு’ என்று ஒரு முழம் கூடவே அளப்பார்.