வாடகைக்காரன் உபதேசம்

சொந்தமாக ஒரு சாண் நிலம்கூட இல்லாமல், சென்னைப் பட்டணத்தின் பலவிதமான வீடுகளில் வாடகை கொடுத்தே தலை நரைத்துப்போன என்னைத் தேடி, வீடு வாங்க உத்தேசித்திருக்கும் உறவினர்களும் சிநேகிதர்களும் யோசனை கேட்க வருவதை விபரீதம் என்று சிலர் அபிப்பிராயப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொந்த வீட்டுக்காரர் தம் வீட்டைக் குறை சொல்ல மாட்டார். சொன்னால் விலை இறங்கிவிடும். தரகரோ இரு தரப்பிலும் கமிஷன் வாங்குகிறவர். அவர் கண்ணுக்குக் கெட்ட வீடு என்று ஒன்று தட்டுப்படுவதே கிடையாது. எந்தச் சுவரில் ஓதம் ஏறும், எந்தத் தெருவில் கோடையில் குழாய் காற்றை மாத்திரம் அருளும், மேல்மாடிக்காரர் ஸ்நானம் செய்தால் கீழ்மாடிக்காரர் எந்த இடத்தில் நனைவார் என்பதையெல்லாம் பட்சபாதமின்றி அறிந்த பிராணி வாடகைக்காரன் ஒருவனே.

சென்ற பங்குனியில் என் மருமான் ஓடி வந்தான். "மாமா, வேளச்சேரிப் பக்கம் ஒரு ஃபிளாட் படிந்திருக்கிறது. கிழக்குப் பார்த்த வாசல், அக்கினி மூலையில் அடுப்பு, ஈசானியத்தில் பூஜை அறை. வாஸ்துக்காரருக்குப் பரம திருப்தி" என்றான்.

"மழைத் தண்ணீர் எந்த மூலை வழியாக உள்ளே வரும் என்று சொன்னாரா?"

"அதை அவர் பிரஸ்தாபிக்கவில்லை மாமா."

நம்மவர்கள் வீடு பார்க்கப் புறப்படுவது பங்குனி, சித்திரை மாதங்களில், நல்ல வெயிலில், நல்ல நேரம் பார்த்து. அந்த வேளையில் சென்னையின் எந்த மூலையும் பாலைவனமாகத்தான் காட்சி தரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பதே உசிதம். அதுவரை காத்திருக்க முடியாதவர்கள், தெருக்கோடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எவ்வளவு வந்தது என்று கேட்டால் போதும். அவர் வாயைத் திறக்காமல் தம் முழங்காலையோ மார்பையோ தொட்டுக் காட்டுவார். அதற்கு மேல் எந்த இன்ஜினீயருடைய அறிக்கையும் வேண்டியதில்லை. விற்கிறவரைக் கேட்பது வீண் வேலை. "இந்தத் தெருவில் தண்ணீர் நிற்பதே இல்லை" என்று ஒருவர் என் மருமானிடம் சத்தியம் செய்தார். விசாரித்ததில் அது உண்மைதான் என்று தெரிந்தது. நிற்பதில்லை, இழுத்துக்கொண்டு ஓடுகிறது.

இதனால் ஏரியில் எழுந்த வீடே ஆகாது என்று நான் சொல்வதாக எண்ணக் கூடாது. தியாகராய நகரே 1920-களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்து உண்டாக்கியதுதான். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். அந்த விரதம் பூண்டால் பட்டணத்தில் பாதி ஜனங்கள் மரத்தின்மேல் குடியேற வேண்டியிருக்கும். ஆனால் வாசற்படி சாலைமட்டத்துக்கு எத்தனை அடி மேலே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் பழைய தாரின் மேலேயே போடுகிற பரோபகாரத்தினால் சாலை வருஷத்துக்கு வருஷம் வளர்கிறது, வீடு வளர்வதில்லை.

அடுத்தபடி தஸ்தாவேஜுகள். தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பெற்று, சம்பந்தமில்லாத ஒரு வக்கீலிடம் காட்ட வேண்டும். விற்கிறவர் சிபாரிசு செய்யும் வக்கீல் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் வேண்டாம். வில்லங்கச் சான்றில் பாக்கி ஒன்றுமில்லை என்று கண்டதும் ஜனங்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார்கள். பதிவான விஷயங்களை மட்டுமே அது பேசும். பதிவு செய்யாத உயிலும், கோர்ட்டில் கிடக்கும் வியாஜ்யமும், கையெழுத்துப் போடாத தங்கையும் அதில் தென்பட மாட்டார்கள். பூர்விகச் சொத்தில் பெண்களுக்கும் பங்கு என்று 1989 முதல் செல்லும்படி தமிழ்நாட்டில் சட்டம் வந்தும், தங்கைகளை விட்டுவிட்டுக் கிரயம் எழுதும் அண்ணன்மார்கள் இன்னும் இருக்கிறார்கள். பவர் பத்திரத்தின் பேரில் வாங்குகிறவர்கள், பவர் கொடுத்தவர் ஜீவித்திருக்கிறாரா என்பதை நேரில் போய்ப் பார்த்து, முடிந்தால் ஒரு வாய் காப்பியும் சாப்பிட்டுவிட்டு வருவது நல்லது. அவர் காலமான மறுகணமே சாதாரணமான பவரும் காலமாகிவிடுகிறது. ஆனால் பவர் வைத்திருப்பவருக்கு அந்தத் துக்கச் செய்தி மிகத் தாமதமாகவே எட்டும்.

ஆயிரம் சதுர அடி என்று விலை பேசிய ஃபிளாட்டில் காலால் நடக்கக் கிடைப்பது எழுநூற்றுச் சொச்சம்தான். மிச்சம் மாடிப்படியிலும் லிஃப்டிலும் சுவருக்குள்ளும் இருக்கிறது. ஆகவே உள்ளளவையும், அதைக் காட்டிலும் முக்கியமாக, பிரியாத மனைப்பங்கு எவ்வளவு என்பதையும் பத்திரத்தில் பார்க்க வேண்டும். கட்டடம் கிழமாகும், மனைதான் நிலைக்கும். முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் என்று தனியாக எடுத்து வைக்காமல் கையிருப்பையெல்லாம் முன்பணமாகக் கொடுத்தவர்கள், பத்திரம் பதிகிற வாரத்தில் மாமனார் வீட்டில் காட்டும் மரியாதை பார்க்கத் தக்கது.

இனி இன்ஷூரன்ஸ். பாங்கியில் கடன் பத்திரங்களில் விரல் நோகக் கையெழுத்துப் போடும் தினத்தில், இடையில் ஒரு பாலிசி விண்ணப்பமும் நழுவி வரும். அநேகமாக அது வீட்டுக்கானது அல்ல. கடன் வாங்கியவருடைய உயிருக்கானது. அதன் பிரிமியத்தையும் கடனிலேயே சேர்த்துவிடுவதால், அதற்கும் இருபது வருஷம் வட்டி கட்டும் பாக்கியம் சித்திக்கிறது. இதை மருமானுக்கு விளக்கினேன். ஆசாமி போய் வீடு பிழைத்தால் ஒரு பாலிசி பணம் தரும். வீடு போய் ஆசாமி பிழைத்தால் மற்றொரு பாலிசி தரும். இரண்டும் சௌக்கியமாக இருந்துவிட்டால் ஒரு பைசா கிடைக்காது. இந்த மூன்றாவது சாத்தியத்தைக் கேட்டு அவன் மிகவும் விசனப்பட்டான்.

தொண்ணூறு லட்சத்துக்கு வாங்கிய ஃபிளாட்டைத் தொண்ணூறு லட்சத்துக்கே இன்ஷூர் செய்ய வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடித்தான். நிலம் தீப்பிடிக்காது, வெள்ளத்தில் முழுகினாலும் தண்ணீர் வடிந்தபின் அதே இடத்தில்தான் கிடக்கும். கட்டடத்தைத் திரும்பக் கட்ட ஆகும் செலவே கணக்கு: ஆயிரம் சதுர அடிக்கு அடி 2,500 ரூபாய் என்றால் இருபத்தைந்து லட்சம். மிச்சத்துக்குக் கட்டும் பிரிமியம் தர்ம கைங்கரியத்தில் சேர்ந்தது.

2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் எல்லாம் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைத் தர வேண்டும் என்று ஏற்பாடாகியிருக்கிறது. தீ, இடி, புயல், வெள்ளம், பூகம்பம், கலகம் எல்லாம் அதில் அடக்கம். வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் பத்து லட்சம் வரை, ஜாபிதா கேட்காமலே கிடைக்கிறது; நகைகளுக்கு மாத்திரம் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். திருட்டு விஷயத்தில்தான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்தப் பாலிசிப்படி, தீயோ வெள்ளமோ நேர்ந்த ஏழு நாளைக்குள் அதையொட்டி நடந்த திருட்டுக்கே ஈடு உண்டு. எட்டாம் நாள் சாவகாசமாக வருகிற திருடரை அது அங்கீகரிப்பதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கென்று வேறு பாலிசி எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாமான்களின் ரசீதுகளையும் புகைப்படங்களையும் சேர்த்து வைக்கும்படியும், எல்லாக் காகிதங்களுக்கும் பிரதி எடுத்து இன்னொரு வீட்டில் கொடுத்து வைக்கும்படியும், அசலைப் பரண்மேல் போடும்படியும் மருமானிடம் சொன்னேன். வெள்ளத்துக்கு ஈடு தரும் பாலிசியைப் பீரோவின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு, அது கரைந்த கூழைக் கம்பெனிக்காரரிடம் நீட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் கவனமாகக் குறித்துக்கொண்டவன் கடைசியில் தலையைச் சொறிந்தான்.

"எல்லாம் சரி மாமா. பரண் வேண்டுமானால் அதற்குத் தனியாக அறுபதாயிரம் ஆகும் என்கிறாரே கட்டுகிறவர்?"